வயிற்றுப் புண்ணுக்குத் தாவர மருந்து: எடுப்பதற்கு முன்னும் எடுக்கும்போதும்

"வயிற்றுப் புண்ணுக்கு எந்த மூலிகை நல்லது?" என்னிடம் அதிகம் வருகிற கேள்வி இதுதான். நான் மருந்தியல் ஆய்வகத்தில் வேலை செய்பவள். தாவரச் சாறுகளை எலிகளுக்குக் கொடுத்து, பிறகு அவற்றின் இரைப்பையைத் திறந்து, உள்சுவரில் எத்தனை காயங்கள் விழுந்திருக்கின்றன என்று அளப்பது என் தொழில். அதனால் கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் புண் எதனால் வந்தது? அதற்கு விடை தெரியாமல் எந்த இலையையும் வேரையும் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இரைப்பைச் சுவரைக் காக்கும் தாவரப் பொருள்கள் உண்மையாகவே இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஓர் எதிரியிடமிருந்து, குறிப்பிட்ட ஒரு வழியில்தான் காக்கிறது. எதிரி மாறினால் மருந்தும் மாற வேண்டும்.

சுவர் தன்னைக் காத்துக்கொள்ளும் விதம்

இரைப்பைக்குள் சுரக்கும் அமிலத்தின் பிஎச் அளவு (எண் குறையக் குறைய அமிலம் கடுமை; 7 என்றால் தண்ணீரைப் போல நடுநிலை) 1 முதல் 2 வரை இருக்கும். அதே வேளையில் சுவரின் மேல்பரப்பைத் தொட்டு அளந்தால் பிஎச் ஏறத்தாழ 7. ஒரு மில்லிமீட்டர் தடிப்பைக்கூட எட்டாத சளிப்படலம் ஒன்றுதான் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அந்தப் படலத்துக்குள் செல்கள் பைகார்பனேட்டைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. உள்ளே கசியும் அமிலம் வழியிலேயே செயலிழந்துவிடுகிறது. அடியில் ஓடும் ரத்தம் மிச்ச அமிலத்தை அள்ளிக்கொண்டு போகிறது. மேல்வரிசைச் செல்கள் சில நாள்களுக்கு ஒருமுறை முழுவதுமாகப் புதிதாகின்றன. சளி, பைகார்பனேட், ரத்த ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒருசேர நடத்துவது புராஸ்டாகிளாண்டின் என்னும் கொழுப்புவகைப் பொருள். 1979-இல் ஆந்த்ரே ராபர்ட் என்ற அறிவியலாளர், எலிகளுக்கு முன்கூட்டியே சிறிதளவு புராஸ்டாகிளாண்டின் கொடுத்துவிட்டால் தூய ஆல்கஹாலோ கொதிநீரோகூட இரைப்பைச் சுவரை அழிக்க முடிவதில்லை என்று காட்டினார். அமிலத்தைக் குறைக்காமலேயே சுவரைக் காக்க முடியும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வலுப்பெற்றது. தாவரங்களில் நாங்கள் தேடுவதும் பெரும்பாலும் அதைத்தான்.

முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

அல்சர்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டே காரணங்கள். ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. 1982-இல் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இதை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார்கள்; 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இந்தக் கிருமி தன்னைச் சுற்றி அம்மோனியாவை உண்டாக்கி அமிலத்தை மட்டுப்படுத்திக்கொண்டு, சளிப்படலத்துக்கு அடியில் போய்த் தங்கிவிடும். இரண்டாவது காரணம், ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், நாப்ராக்சன் போன்ற வலி நிவாரணிகள். இவை உடல் முழுவதும் புராஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன. மாத்திரையை விட்டுவிட்டு ஊசியாகப் போட்டுக்கொண்டால் வயிற்றுக்கு ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ரத்தத்தின் வழியாகப் போனாலும் பாதிப்பு நேரும்.

ஆகவே முதல் வேலை, கடந்த மூன்று மாதங்களில் நீங்கள் விழுங்கிய மாத்திரைகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதுவது. தலைவலிக்கு எப்போதாவது போட்டது, மூட்டுவலிக்குப் போட்டது, இதயத்துக்காகத் தினமும் போடும் சிறு அளவு ஆஸ்பிரின், எல்லாவற்றையும் எழுதுங்கள். இதய மருத்துவர் கொடுத்த ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தக் கூடாது; அதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த வேலை, கிருமிச் சோதனை. மூச்சுச் சோதனை, மலச் சோதனை இரண்டும் நம்பத்தக்கவை. அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் வகை மாத்திரைகளைச் சோதனைக்கு இரண்டு வாரம் முன்பும், ஆன்டிபயாடிக்கையும் பிஸ்மத் என்ற வயிற்று மருந்தையும் நான்கு வாரம் முன்பும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். நிறுத்துவது பாதுகாப்பானதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

மலம் தார் போலக் கறுத்துப் போவது, ரத்த வாந்தி அல்லது காப்பித்தூள் போன்ற வாந்தி, திடீரென்று வயிறு பலகையாக இறுகி வலிப்பது, விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை: இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தக் கசிவும் வயிற்றின் இறுக்கமும் அவசரச் சிகிச்சைக்கு உரியவை. அந்த நிலையில் எந்தத் தாவரப் பொருளுக்கும் இடமில்லை.

அதிமதுரம்: வலிமையும் விலையும்

தாவரங்களில் அல்சருக்கு மருந்தாக மிக நன்றாக ஆராயப்பட்டது அதிமதுரம் என்றே சொல்வேன். 1940-களில் நெதர்லாந்தில் ரெவர்ஸ் என்ற மருத்துவர், அதிமதுரச் சாற்றுக் குழம்பு சாப்பிட்ட நோயாளிகளுக்கு இரைப்பைப் புண் ஆறுவதைக் கவனித்து எழுதினார். அவர்களில் சிலருக்கு முகமும் கைகால்களும் வீங்கியதையும் மறைக்காமல் எழுதினார். இந்த இரண்டு செய்திகளும் இன்றுவரை சேர்ந்தேதான் வருகின்றன.

அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான பொருள் கிளைசிரைசின். அதிலிருந்து உருவாக்கிய கார்பினாக்சலோன் என்ற மருந்தை ரிச்சர்ட் டால் குழுவினர் 1962-இல் சோதித்தபோது இரைப்பைப் புண்கள் விரைவாக ஆறின. அது அமிலத்தை அடக்குவதில்லை. புராஸ்டாகிளாண்டினைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து, சுரந்தது சுவரில் கூடுதல் நேரம் நிற்கும்படி செய்கிறது, சளியும் கூடுகிறது. 1976-இல் அமிலத்தை அடக்கும் சிமெடிடின் என்ற மருந்து வரும்வரை இரைப்பைப் புண்ணுக்குக் கைகொடுத்த மருந்துகளில் இதுவும் ஒன்று.

ஆனால் இதே பொருள் சிறுநீரகத்தில் வேறொரு நொதியையும் தடுக்கிறது. கார்டிசால் என்ற ஹார்மோன் அங்கே செயலிழக்க வேண்டும்; அந்த நொதி தடைபட்டால் செயலிழக்காமல் போய், உப்பைத் தக்கவைக்கும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. உப்பும் நீரும் உடலில் தங்கும், பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறும், ரத்த அழுத்தம் ஏறும்.

என் அக்கா நெஞ்செரிச்சலுக்காக அதிமதுரப் பொடியைத் தினமும் இரண்டு வேளை, கரண்டி நிறைய வெந்நீரில் கலந்து குடித்துவந்தார். "இனிப்பாக இருக்கிறது, வயிற்றுக்கும் இதமாக இருக்கிறது, வேர்தானே, இதில் என்னடி கெடுதல் வந்துவிடப் போகிறது?" என்றார். "கணுக்காலை விரலால் அழுத்திப் பார், அக்கா" என்றேன். அழுத்திய இடத்தில் பள்ளம் விழுந்து, விரலை எடுத்த பிறகும் அப்படியே நின்றது. அன்று மாலையே ரத்தப் பரிசோதனை செய்தோம். பொட்டாசியம் 2.9, இயல்பில் 3.5-க்குக் குறையக் கூடாது. ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. பொடியை நிறுத்தி, மருத்துவர் சொன்னபடி பொட்டாசியம் எடுத்த பிறகு சில வாரங்களில் எல்லாம் இறங்கின. படிப்பில் தெரிந்துகொண்ட ஒரு பக்கவிளைவை உடன்பிறந்தவளின் காலில் விரலால் தொட்டுப் பார்ப்பது வேறு மாதிரியான அறிவு.

கணக்கைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் கிளைசிரைசினைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய அறிவியல் குழு வைத்திருக்கும் மேல்வரம்பு. வேரின் எடையில் ஐந்து சதவீதம் கிளைசிரைசின் என்று வைத்துக்கொண்டால், வெறும் 2 கிராம் பொடியிலேயே அந்த வரம்பு வந்துவிடுகிறது. கரண்டி நிறைய, இரண்டு வேளை என்றால் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

இதற்கு வழி, கிளைசிரைசின் நீக்கிய அதிமதுரம். அதில் ஃபிளவனாய்டுகள் என்ற தாவர வேதிப்பொருள்கள் தங்கிவிடுகின்றன. வீக்கமும் ரத்த அழுத்தமும் பெரும்பாலும் வருவதில்லை. அல்சரை ஆற்றும் திறனில் இது முழு வேரை எட்டவில்லை. மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் சில சாதகமாகவும் சில பயனில்லை என்றும் முடிந்தன. லேசான எரிச்சலுக்குத் துணையாக, உணவுக்குச் சற்று முன், மாத்திரையை நன்றாக மென்று விழுங்கலாம். லேபிளில் "கிளைசிரைசின் நீக்கப்பட்டது" என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். "அதிமதுரச் சாறு" என்று மட்டும் இருந்தால் அது நீக்கப்படாதது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், சிறுநீரைக் கூட்டும் மாத்திரை, டிகாக்சின் என்ற இதய மருந்து, ஸ்டீராய்டு எடுப்பவர்களும் நீக்கப்படாத அதிமதுரத்தைத் தொடவே கூடாது.

படிந்து மூடுபவை

தண்ணீரில் ஊறினால் கொழகொழப்பாகும் தாவரங்கள் பல: மார்ஷ்மாலோ என்ற செடியின் வேர், ஸ்லிப்பரி எல்ம் பட்டை, ஆளி விதை, வெண்டை, கற்றாழையின் உள்ளிருக்கும் வெள்ளைக் கூழ். அந்தக் கொழகொழப்பு நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது; சுவரின் மேல் படிந்து கொஞ்ச நேரம் மூடி நிற்கும். எரிச்சல் தணியும். புண் ஆறும் என்பதற்கு மனிதர்களிடம் வலுவான சான்று இல்லை. நான் இவற்றை இதத்துக்காக மட்டும் சொல்வேன். அந்த அளவில் இவை நேர்மையான பொருள்கள்.

மார்ஷ்மாலோ வேரைக் குளிர்ந்த நீரில் சில மணி நேரம் ஊறவைத்து வடிகட்டிக் குடிப்பதே முறை; கொதிக்கவைத்தால் மாவுச்சத்தும் சேர்ந்து இறங்கிவிடும். கற்றாழையில் தோலுக்குக் கீழே மஞ்சளாக வடியும் பாலில் அலோயின் இருக்கிறது. அது கடுமையான பேதி மருந்து, குடலை எரிச்சலூட்டும். வெட்டிய மடலை நிமிர்த்தி வைத்து மஞ்சள் பால் முழுவதும் வடிந்த பிறகு, வெள்ளைக் கூழை மட்டும் எடுத்துக் கழுவ வேண்டும். இந்தப் பொருள்கள் அனைத்துக்கும் ஒரு பொது விதி உண்டு: மற்ற மாத்திரைகளுக்கும் இவற்றுக்கும் இடையில் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கூழ் மாத்திரையையும் சேர்த்து மூடி, அது உடலில் சேர்வதைத் தாமதப்படுத்தலாம்.

வாழைக்காயும் முட்டைக்கோசும்

காயாக இருக்கும் சமையல் வாழையில் லியூகோசயனிடின் என்ற ஃபிளவனாய்டு இருக்கிறது. 1984-இல் வெளியான ஆய்வு ஒன்றில், உலர்த்திய வாழைக்காய்ப் பொடி ஆஸ்பிரினால் எலிகளுக்கு வரும் புண்ணைத் தடுத்தது மட்டுமல்லாமல், ஏற்கெனவே வந்த புண்ணையும் ஆற்றியது. சுவரின் செல்கள் பெருகித் தடித்தன. எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடிக்கும். அமிலத்தைத் தொடாமல் சுவரையே வளர்ப்பது அரிது. பழுத்ததில் அந்த விளைவு இல்லை. உலர்த்தும்போது சூடு அதிகமானாலும் பயன் போய்விடுகிறது. வீட்டில் பொடி செய்ய விரும்புபவர்கள் முற்றிய, ஆனால் மஞ்சள் படராத காயை மெல்லியதாகச் சீவி, நிழலிலும் காற்றிலும் உலர்த்த வேண்டும். சூடான அடுப்பில் வைக்கக் கூடாது. மனிதர்களிடம் சான்று மிகக் குறைவு. ஆனால் கெடுதலும் குறைவு என்பதால், வலி நிவாரணி எடுக்க நேர்பவர்கள் துணையாக முயன்று பார்ப்பதை நான் தடுப்பதில்லை.

முட்டைக்கோசுச் சாறு புகழ்பெற்றது 1949-இல். கலிஃபோர்னியாவில் கார்னெட் சேனி என்ற மருத்துவர் 13 நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் புதுச் சாறு கொடுத்து, புண்கள் வேகமாக ஆறியதாக எழுதினார். அதிலுள்ள பொருளுக்கு "வைட்டமின் யு" என்று பெயரிட்டார். அது வைட்டமின் அல்ல, எஸ்-மெத்தில்மெத்தியோனின். ஜப்பானில் அதை வயிற்று மருந்தாக இன்றும் விற்கிறார்கள். அந்தச் சோதனையில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு கிடையாது. அல்சர்கள் தாமாக ஆறி மீண்டும் வருவதும் உண்டு. அதனால் 13 பேரை வைத்து நான் உறுதி சொல்ல மாட்டேன். குடிக்க விரும்பினால் காய்ச்சாமல், பிழிந்தவுடன், பல வேளைகளாகப் பிரித்துக் குடிக்க வேண்டும். சூட்டில் அந்தப் பொருள் சிதைகிறது. வாயுத் தொல்லை வந்தால் விட்டுவிடுங்கள்.

மிளகாயைப் பற்றிய அச்சம்

அல்சர் என்றாலே மிளகாயை விலக்கச் சொல்வார்கள். ஆய்வகம் வேறு கதை சொல்கிறது. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் சிறு அளவில் இரைப்பைச் சுவரின் உணர்வு நரம்புகளைத் தட்டி எழுப்புகிறது. அவை வெளியிடும் பொருள்கள் ரத்தக் குழாய்களை விரிக்கின்றன. சுவருக்கு ரத்தம் கூடுகிறது. 1995-இல் சிங்கப்பூரில் ஆரோக்கியமானவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. 600 மில்லிகிராம் ஆஸ்பிரினை மட்டும் விழுங்கியபோது இருந்ததைவிட, 20 கிராம் மிளகாய்த் தூள் சாப்பிட்டுவிட்டு ஆஸ்பிரின் விழுங்கியபோது என்டோஸ்கோப்பியில் (குழாய்க் கேமராவை வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் சோதனையில்) காயங்கள் குறைவாக இருந்தன. மாறாக, மிக அதிக அளவு கேப்சைசினால் எலிகளின் அந்த நரம்புகளையே மரத்துப்போகச் செய்துவிட்டால், புண்கள் மோசமாகின்றன. ஒரே பொருள் அளவைப் பொறுத்துக் காக்கவும் செய்கிறது, கைவிடவும் செய்கிறது.

இதிலிருந்து நான் எடுக்கும் நடைமுறை சிறியது. மிளகாய் அல்சரை உண்டாக்குவதில்லை. உங்களுக்கு எரிச்சல் தராத அளவுக்கு அஞ்ச வேண்டாம். திறந்த புண் இருக்கும்போது எரிந்தால் தவிருங்கள். கேப்சைசின் மாத்திரையை மருந்தாக வாங்கி விழுங்க வேண்டாம்.

கிருமிக்கு எதிரானவை

இங்கேதான் ஏமாற்றம் அதிகம், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். கண்ணாடித் தட்டில் ஹெலிகோபாக்டரைக் கொல்லாத தாவரம் அரிது. தட்டில் கிருமி மணிக்கணக்காகச் சாற்றில் மூழ்கியிருக்கிறது. இரைப்பையில் அது சளிக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. மேலே வரும் சாறு சிறிது நேரத்தில் குடலுக்கு இறங்கிவிடுகிறது. கிரேக்கத்தின் சையோஸ் தீவில் விளையும் மஸ்டிக் பிசின் இந்தக் கிருமியைக் கொல்கிறது என்று 1998-இல் வந்த செய்தி பெரும் பரபரப்பை உண்டாக்கியது. பிறகு 2003-இல் எட்டு நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு நான்கு வேளை ஒவ்வொரு கிராம், 14 நாள்கள் கொடுத்துப் பார்த்தார்கள். எட்டுப் பேரிடமும் கிருமி அப்படியே இருந்தது. பூண்டும் தட்டில் வென்று வயிற்றில் தோற்றது.

கிரான்பெர்ரி வேறு வழியில் போகிறது. அதிலுள்ள புரோஆந்தோசயனிடின்கள் என்ற பொருள்கள் கிருமியைக் கொல்வதில்லை, சுவரில் ஒட்டவிடாமல் செய்கின்றன. 2005-இல் வெளியான ஆய்வில், சீனாவின் ஷாண்டோங் மாகாணத்தில் 189 பேரில் ஒரு பகுதியினர் நாளொன்றுக்கு இரண்டு வேளை 250 மில்லிலிட்டர் சாறு 90 நாள்கள் குடித்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 14 சதவீதத்தினரிடம் கிருமி காணாமல் போனது. போலிச் சாறு குடித்தவர்களில் 5 சதவீதம். வித்தியாசம் உண்மையானது. ஆனால் குடித்தவர்களில் 86 சதவீதத்தினரிடம் கிருமி இருந்ததே! முறையான ஆன்டிபயாடிக் சிகிச்சை நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்குக் கிருமியை ஒழித்துவிடுகிறது.

பிராக்கோலி முளை மட்டும் எனக்கு நம்பிக்கை தருகிறது. மூன்று நாள் முளையில், கிருமியை அடக்கும் சல்ஃபோராஃபேன் என்ற பொருளின் மூலப்பொருள் முற்றிய பிராக்கோலியில் இருப்பதைவிடப் பத்து முதல் நூறு மடங்கு. 2009-இல் ஜப்பானில் நாளொன்றுக்கு 70 கிராம் முளையை எட்டு வாரம் சாப்பிட்டவர்களுக்குக் கிருமியின் செயல்பாடும் இரைப்பை அழற்சியின் அடையாளங்களும் குறைந்தன. நிறுத்திய பிறகு அவை மீண்டும் ஏறின. ஒழிக்கவில்லை, அடக்கியது. செல்களுக்குள்ளேயே இருக்கும் தற்காப்பு நொதிகளையும் சல்ஃபோராஃபேன் தூண்டுகிறது. பச்சையாக, நன்றாக மென்று தின்றால்தான் பயன். மூலப்பொருளைச் சல்ஃபோராஃபேனாக மாற்றும் நொதி சூட்டில் அழிந்துவிடும். பச்சை முளைகளில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் வளரலாம் என்பதால் கர்ப்பிணிகளும் முதியவர்களும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் தவிர்க்க வேண்டும்.

ஆக, சோதனையில் கிருமி இருப்பது தெரிந்தால் ஆன்டிபயாடிக் சிகிச்சையை முழுமையாக முடியுங்கள். நாள் குறையாமல் முடியுங்கள். இடையில் நிறுத்தினால் மிஞ்சும் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். தாவரப் பொருள்கள் அதற்குப் பக்கத்தில் நிற்கலாம், இடத்தைப் பிடிக்கக் கூடாது. முடித்த நான்கு வாரத்துக்குப் பிறகு மறுசோதனை செய்து, கிருமி போய்விட்டதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

மஞ்சள்

மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளைத் தணிக்கிறது. 2023-இல் தாய்லாந்தில் 206 பேரை வைத்து நடந்த சோதனையில், செரிமானக் கோளாறுக்குக் குர்குமினும் ஒமிப்ரசோலும் ஏறத்தாழ ஒரே அளவு நிவாரணம் தந்தன. செய்தித்தாள்களில் இது "அல்சருக்கு மஞ்சள்" என்று வந்தது. அந்தச் சோதனையில் சேர்ந்தவர்களுக்குச் செரிமானக் கோளாறுதான் இருந்தது, அல்சர் இல்லை. இந்த வித்தியாசத்தை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: குர்குமின் உடலில் சேர வேண்டும் என்று மிளகின் பிப்பெரினைச் சேர்த்து விற்கிறார்கள். வயிற்றுச் சுவரைப் பொறுத்தவரை பொருள் உள்பக்கத்திலிருந்தே நேரடியாகத் தொடுகிறது. ரத்தத்தில் ஏற்ற வேண்டிய அவசரம் எனக்குப் புரியவில்லை. அதிகம் உறிஞ்சப்படும் வகைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. பித்தப்பைக் கல் உள்ளவர்களும், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களும் குர்குமின் மாத்திரையைத் தவிர்க்க வேண்டும்.

"ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்பதை எப்படிப் படிப்பது

ஒரு தாவரச் சாறு அல்சரைத் தடுக்கிறது என்று எழுதப்பட்டிருந்தால், பத்துக்கு ஏழெட்டு முறை அதற்குப் பின்னால் இருப்பது நான் செய்கிற சோதனைதான். அதனால் அது எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

எலியை ஒரு நாள் பட்டினி போடுவோம். சாற்றைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் செலுத்துவோம். அரை மணியோ ஒரு மணியோ கழித்துத் தூய ஆல்கஹால் ஒரு மில்லிலிட்டர் செலுத்துவோம். இன்னொரு மணி நேரத்தில் எலியைக் கொன்று, இரைப்பையின் வெளிவளைவை ஒட்டிக் கத்தரித்துப் பிரித்து, உப்பு நீரில் அலசி, கார்க் பலகையில் ஊசி குத்தி விரிப்போம். சாறு பெறாத எலியின் சுவரில், மடிப்புகளின் முகட்டை ஒட்டிக் கருஞ்சிவப்புப் பட்டைகள் நீளவாட்டில் ஓடும். சில 10 மில்லிமீட்டரைத் தாண்டும். உருப்பெருக்கி வைத்து ஒவ்வொரு பட்டையின் நீளத்தையும் அளந்து கூட்டுவோம். நல்ல சாறு பெற்ற எலியில் வெளிர் ரோஜா நிறத்தில் சுவர் சுத்தமாக இருக்கும், அங்கங்கே சில புள்ளிகளோடு. அதைப் பார்க்கும்போது மனம் துள்ளும், அது உண்மை.

ஆனால் இந்தச் சோதனையில் ஒரு பொறி இருக்கிறது. அதே ஆந்த்ரே ராபர்ட் 1983-இல் காட்டியது: லேசான எரிச்சல் தரும் எதையாவது, நீர்த்த ஆல்கஹாலையோ நீர்த்த அமிலத்தையோ, முன்கூட்டிக் கொடுத்தாலே சுவர் உஷாராகிப் புராஸ்டாகிளாண்டினைச் சுரந்து தன்னைக் காத்துக்கொள்கிறது. அப்படியானால் வயிற்றை லேசாக எரிச்சலூட்டும் ஒரு சாறுகூட இந்தச் சோதனையில் "பாதுகாப்பு மருந்து" என்று தேறிவிடும்! துவர்ப்பான டானின் நிறைந்த சாறுகள் விஷயத்தில் எனக்கு எப்போதும் இந்தச் சந்தேகம் உண்டு. மேலும், மருந்து முதலில், காயம் பிறகு என்பதால் இது தடுப்பைத்தான் அளக்கிறது. புண் வந்த பிறகு ஆறுகிறதா என்று அறிய, அசிட்டிக் அமிலத்தால் உண்டாக்கும் புண்ணை நாள்கணக்கில், வாரக்கணக்கில் கவனிக்கும் சோதனை வேண்டும். அதைச் செய்பவர்கள் குறைவு.

எனவே எந்தச் செய்தியைப் படித்தாலும் இப்படிக் கேளுங்கள்: தட்டிலா, எலியிலா, மனிதரிலா? முன்பே கொடுத்தார்களா, புண் வந்த பிறகா? புண்ணை என்டோஸ்கோப்பியில் பார்த்தார்களா, வலி குறைந்ததா என்று மட்டும் கேட்டார்களா? கடைசியாக, எவ்வளவு கொடுத்தார்கள்? எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்றால், மனிதருக்கு மாற்ற அதை 6.2-ஆல் வகுக்க வேண்டும். கிலோவுக்கு 32 மில்லிகிராம் வரும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 2 கிராம் சாற்றுப் பொடி. பத்து கிராம் உலர்ந்த இலையிலிருந்து ஒரு கிராம் சாறு கிடைக்கிறது என்று வைத்தால், நாளொன்றுக்கு 20 கிராம் உலர்ந்த இலை. ஒரு சிட்டிகை பொடியில் அந்த விளைவை எதிர்பார்க்க முடியாது.

தாவரத்திலிருந்து முறைப்படி மருந்தானவையும் இருக்கின்றன. குரோட்டன் இனச் செடியின் இலையிலிருந்து கண்டெடுத்த பிளாவ்னோடால், சோஃபோரா வேரின் பொருள் ஒன்றை மாதிரியாக வைத்து உருவாக்கிய சோஃபால்கோன், இரண்டும் ஜப்பானில் வந்தன. தென்கொரியாவில் ஆர்டிமீசியா இனச் செடியின் சாறு 2002 முதல் இரைப்பை அழற்சிக்கு மாத்திரையாகக் கிடைக்கிறது. இவற்றில் பொருளின் அளவு ஒவ்வொரு மாத்திரையிலும் ஒன்றாக இருக்கும். கையால் இடித்த பொடியில் அந்த உறுதி கிடையாது.

எடுக்கத் தொடங்கும்போது

ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளைத் தொடங்குங்கள். ஐந்தாறு மூலிகை கலந்த பொடியில் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தொடங்கிய தேதி, அளவு, வலி வந்த நேரம், உணவுக்கு முன்னா பின்னா, இரவில் எழுப்பியதா என்று குறித்துவாருங்கள். அதிமதுரம் கலந்த எதையாவது எடுத்தால் வாரம் ஒருமுறை ரத்த அழுத்தமும் எடையும் பாருங்கள். மருத்துவர் கொடுத்த ஒமிப்ரசோல் போன்ற மாத்திரையை, மூலிகை தொடங்கிவிட்டேன் என்று நிறுத்தாதீர்கள். அமிலம் அடங்கியிருக்கும் அந்த வாரங்களில்தான் சுவர் தன்னைக் கட்டிக்கொள்கிறது. புகைபிடிப்பவர்கள் அதை விடுவது, இங்கே சொன்ன எந்தச் செடியையும்விட அதிகம் உதவும்.

மருத்துவரிடம் போகும்போது மூலிகைப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். பலர் கூச்சப்பட்டு மறைக்கிறார்கள். மறைக்க வேண்டியதில்லை. அறுவைச் சிகிச்சை ஏதாவது இருந்தால் எப்போது நிறுத்த வேண்டும் என்று அவரே சொல்வார்.

இரைப்பையில் புண் இருப்பதாகச் சொல்லியிருந்தால், எட்டு வாரச் சிகிச்சைக்குப் பிறகு மறுபடியும் என்டோஸ்கோப்பி தேவையா என்று கேளுங்கள். தேவை என்றால், வலி அடியோடு போயிருந்தாலும் போய்ச் செய்துகொள்ளுங்கள். புற்றுநோயும் சில சமயம் புண் போலவே தோன்றும், மருந்துக்கு வலியும் தணியும். சுவர் உண்மையாகவே மூடியிருக்கிறதா என்பது கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.